சத்தம் கேட்காத தரை

பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் அடுத்தவன் வீட்டுத் தரையில் முட்டி போட்டுக் கிடந்தவன் நான். பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே ப்ளைவுட் பலகை பாவுவது என் தொழில். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு திமிர் உண்டு. ஊருக்குத் திரும்பிய பிறகும் அது இறங்கவில்லை.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கீழே அம்மாவும் நானும். மேலே, மரப்பலகை பாவிய மச்சில், அண்ணனும் மைனியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மைனிக்குச் சொந்த ஊர் ஆரல்வாய்மொழி. மச்சின் பலகைதான் எங்களுக்குக் கூரை, மேலே ஒருவர் நடந்தால் கீழே குழம்பில் தூசி விழும். சாப்பாடு ஆனதும் அம்மா ஒட்டடைக் கம்பால் மேலே மூன்று தட்டு தட்டுவாள். மைனி குதிகாலால் இரண்டு முறை மிதிப்பாள். வருகிறோம் என்று அர்த்தம். படியேறிக் கூப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அண்ணன் மைனியை அடிப்பான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போனில் யார், ஏன் சிரித்தாய், சட்டை ஏன் காயவில்லை, ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். முதலில் கட்டில் இழுபடும். பிறகு உடம்பு பலகையில் விழும், நெல் மூட்டையை இறக்கிப் போடுவது போல. எங்கள் தலையில் தூசி கொட்டும். அதற்கு நடுவில் மைனியின் குதிகால் இரண்டு முறை மிதிக்கும். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள். நான் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவேன். ரொம்ப நேரம் நீண்டால் மட்டும் உள்ளே வந்து கம்பை எடுத்து, சாப்பாடு ஆனது போல மூன்று தட்டு தட்டுவேன். அண்ணன் நிறுத்திவிட்டுக் கை கழுவி இறங்கி வருவான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். என் வீரம் அவ்வளவுதான்.

சித்திரை மாதம் அண்ணன் என்னைப் பிடித்தான். "ஏலே, ஊரான் வீட்டுக்கெல்லாம் தரை போட்டியே, எனக்கொண்ணு போட்டுத் தர மாட்டியா? மேல பேசுறது கீழ கேக்குது. மனுசன் இருக்க முடியல."

எதற்குக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சரி என்றேன். இனித் தூசி விழாது, முற்றத்துக்கு ஓட வேண்டாம் என்று உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது. வெட்கம்கெட்ட நிம்மதி.

மூன்று நாள் வேலை. பழைய ஆணிகளை மண்டையோடு பிடுங்கினேன். ஆடிய பலகைகளையெல்லாம் திருகாணி ஏற்றி உத்திரத்தோடு இறுக்கினேன். அதன் மேல் தடித்த ஃபோம் விரிப்பு. அதன் மேல் ப்ளைவுட் பலகைகளை ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் நாக்கைச் செருகி, ரப்பர் சுத்தியலால் அறைந்து சேர்த்தேன். சுவரோரம் ஒரு விரற்கடை இடம் விட வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதும்போது நகர இடம் வேண்டுமே. பாலைவனத்து ஏசி அறைகளில் பழகிய கை, நம் ஊர் மழையை நினைக்கவில்லை. இடத்தைக் குறைத்தே விட்டேன். அந்தக் கொஞ்சத்தையும் சத்தம் கசியக்கூடாது என்று சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன்.

கடைசி நாள் மைனி காப்பி கொண்டுவந்து நின்றாள். "தம்பி, இனி கீழ ஒண்ணும் கேக்காதா?"

"உலக்கை போட்டு இடிச்சாலும் கேக்காது மைனி" என்றேன், பெருமையாக.

அவள் குதிகாலால் தரையை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். பிறகு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீடு அமைதியானது. கம்பால் தட்டினாலும் மேலே கேட்கவில்லை, சாப்பாட்டுக்கு போனில் கூப்பிட்டோம். "அவன் திருந்திட்டான்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். ஒருநாள் மைனி கன்னம் வீங்கிப் படியிறங்கி வந்தாள். அம்மா முந்திக்கொண்டாள். "வழுக்கி விழுந்திட்டா மக்கா. ஒனக்க புதுத் தரை வழுக்குது." அடுத்த வாரம் மணிக்கட்டு. அதற்கும் தரைதான் காரணம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, மைனி மேல். நான் போட்ட தரையைக் குறை சொல்கிறாளே என்று. கடையில் ரப்பர் மிதியடி வாங்கி, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. ஒரு வாரத்தில் தரை ஊதி, நகர இடமில்லாமல் நடுவில் கூனி எழும்பியது. "இதுதான் நீ படிச்ச தொழிலாலே" என்று அண்ணன் காறித் துப்பினான். அவன் வெளியே போன பிறகு, கடப்பாரையும் ரப்பர் சுத்தியலுமாக மேலே போனேன். மைனி சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஓரத்து சிலிக்கானை அறுப்பதற்காகக் கட்டிலை இழுத்தேன்.

கட்டில் கிடந்த மூலையில் ஒரு சாண் இடம் முழுக்கப் பிறை பிறையாகத் தடங்கள். ஒன்றன் மேல் ஒன்று, மேல்தோல் பிளந்து உள்மரம் தெரியும் அளவுக்கு. எது விழுந்தால் எந்தத் தடம் வரும் என்று தெரிந்தவன் நான். சன்னல் திட்டில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்தேன். விளிம்பு நசுங்கியிருந்தது. தடத்தில் வைத்தேன், பொருந்தியது. குதிகாலால் மிதித்தும் யாரும் வரவில்லை என்று, கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்து செம்பால் இடித்திருக்கிறாள். அதுவும் கேட்கவில்லை. கேட்காமல் செய்தது நான்.

கடப்பாரையைச் செருகி நெம்பினேன். பலகைகள் வெடித்துப் பிளந்தன. அப்போதுதான் வீடு திரும்பிய அண்ணன் சத்தம் கேட்டு மேலே ஓடி வந்தான். "ஏலே, என்னலே செய்ற" என்று என் சட்டையைப் பிடித்தான். ரப்பர் சுத்தியல்தான் கைக்கு அகப்பட்டது. தோளில் அடித்தேன், விலாவில் அடித்தேன், விழுந்த பிறகும் அடித்தேன். அவன் என் உதட்டைக் கிழித்தான். அவனை அடிப்பது இனித்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. நிமிர்ந்தபோது மைனி மூலையில் ஒடுங்கி, இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தாள். அவனைப் பார்த்து அஞ்சுவது போலவே என்னைப் பார்த்தும் அஞ்சினாள். சுத்தியலைக் கீழே போட்டேன்.

அண்ணன் விலாவைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கொன்றுவிடுவதாகச் சொல்லியபடி இறங்கிப் போனான். மிச்சப் பலகையையும் ஃபோமையும் அள்ளி முற்றத்து மழையில் எறிந்தேன். மச்சில் பழைய பலகை மட்டும் மிஞ்சியது. கீழே வந்து உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா டிவி ரிமோட்டை மடியில் வைத்திருந்தாள். போடவில்லை.

அப்போது மேலே குதிகால் இரண்டு முறை மிதித்தது. தூசி என் முகத்தில் விழுந்தது. அடிக்க அங்கே யாரும் இல்லையே, பிறகு எதற்கு மிதிக்கிறாள் என்று பயந்து படியேறி ஓடினேன்.

மைனி துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இப்போ மிதிச்சது கேட்டுதா தம்பி?"

"கேட்டுது மைனி."

"நல்லாக் கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுது."

"அடிக்கு நடுவுல நீங்க கம்பால தட்டுனது சாப்பாட்டுக்குன்னுதான் நெனச்சேன்" என்றாள். "அப்போ முன்னயும் எல்லாம் நல்லாவே கேட்டிருக்கு."

பையை எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழி பஸ்ஸுக்கு இறங்கினாள். அவள் மிதித்த ஒவ்வொரு படியும் கேட்டது.