இரண்டு அங்குலக் கழிவு

எம்மெட் சொபோட்காவின் உயரம் ஆறடி நாலு அங்குலம். அவனுடைய தொல்லையெல்லாம் அது உண்மை என்பதில்தான் தொடங்கியது.

அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவது. எம்மெட்டுக்கு அந்தப் பந்தைத் தொடும் வேலைகூடக் கிடையாது. பந்தை எறிகிறவனின் முதுகுப் பக்கம் யாரும் வந்துவிடாமல் இடது ஓரத்தில் நின்று தடுக்க வேண்டும். அதற்கு உயரம் வேண்டும், நீண்ட கை வேண்டும், புகழாசை கூடாது. மூன்றிலும் அவனுக்குக் குறையில்லை.

மற்றப் பையன்களெல்லாம் கல்லூரியில் ஆடி, அங்கிருந்து தொலைக்காட்சியில் வரும் அணிகளுக்குத் தாவுவதாகக் கனவு கண்டார்கள். எம்மெட்டின் கணக்கு தலைகீழ். ஏதாவது ஒரு கல்லூரி அணி முழு உதவித்தொகையோடு தன்னை எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு வருஷம் முட்டி மோதிவிட்டுப் பாலம் கட்டும் பொறியாளனாக வெளியே வர வேண்டும். அப்புறம் பந்தின் முகத்திலேயே விழிக்கக் கூடாது.

"பாலமா? நடுவுல தூணா நிக்கப் போறியாடா?" என்றான் வலது ஓரத்தில் அதே காவல் வேலை பார்க்கும் டிரிப் லேண்டேக்கர்.

"நின்னா, உன்னை மாதிரி மோதுறதுக்கு முன்னாடியே சாய மாட்டேன்."

ஆட்டத்தன்று வாசலில் விற்கும் சிறுபுத்தகத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரனின் உயரமும் அச்சாகும். அதில் எல்லோருக்கும் இரண்டு அங்குலம் கூட்டிப் போடுவது இந்த நாட்டுப் பள்ளிகளில் எழுதப்படாத மரியாதை. கல்லூரிகளிலிருந்து அணிக்கு ஆள் தேடி வரும் பிள்ளை பிடிக்கிறவர்களுக்கும் இது தெரியும்; அவர்கள் இரண்டு அங்குலம் கழித்தே படிப்பார்கள். இப்படி இரு தரப்பும் ஒழுங்காகப் பொய் சொல்லி உண்மையைக் காப்பாற்றி வந்தார்கள்.

எம்மெட்டின் அம்மா டார்லீன் மாவட்டத்தின் எடை அளவு அதிகாரி. பெட்ரோல் பங்குகளில் அளவுக் குவளையை நீட்டிப் பிடித்து, ஒரு மடக்குக் குறைந்தாலும் சீல் வைப்பவள். மகனுக்கு இரண்டு அங்குலம் கூட்டிப் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பயிற்சியாளர் ஹாஸ்கின்ஸின் அறைக்கே போய்விட்டாள். புத்தகத்தில் எம்மெட்டுக்கு ஆறடி நாலு என்றே அச்சானது.

பிள்ளை பிடிக்கிறவர்கள் கழித்துப் பார்த்தார்கள். ஆறடி இரண்டு. இடது ஓரத்துக்குக் குள்ளம். டிரிப்பின் நிஜ உயரம் ஆறடி மூணு; புத்தகத்தில் ஆறடி ஐந்து; கழித்தால் சரியாக ஆறடி மூணு. அவனைக் கூப்பிட்டார்கள். ஆட்டப் படத்தைப் பார்த்தாவது தெரிந்திருக்காதா என்றால், காவல்காரர்கள் படம் முழுக்கக் குனிந்தேதான் இருக்கிறார்கள்.

கடைசி வருஷப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஹாஸ்கின்ஸ் அவனைக் கூப்பிட்டார்.

"ஆறு ஆறுன்னு போட்டுடறேன்டா. அவனுங்க கழிச்சா உன் நிஜ உயரம் வந்துரும்."

"அது பொய் இல்லையா, கோச்?"

"எல்லாரும் பொய் சொல்ற இடத்துல நீ மட்டும் உண்மை சொன்னா அதுதான்டா பொய். உங்கம்மாகிட்ட கேளு."

கேட்டான். "என் பேரைச் சொல்லிக்கிட்டு ஒரு இன்ச் கூட ஏத்தக் கூடாது," என்றாள் டார்லீன். அந்த வருஷமும் ஆறடி நாலு.

செப்டம்பரில் டிரிப்பைப் பார்க்க மேரிக் என்பவர் வந்தார். எம்மெட் விரும்பிய பொறியியல் படிப்பு இருந்த கல்லூரியின் ஆள். எடை தூக்கும் அறையில் டிரிப்புக்குப் பக்கத்தில் அவனைவிட உயரமாக ஒருவன் நிற்பதைக் கண்டு அவர் முகம் மாறியது.

"தம்பி, உன் உயரம் என்ன?"

"ஆறு நாலு, சார்."

"புத்தகத்துல போட்டதைக் கேக்கல. நிஜத்தைக் கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான், சார்."

சிரித்தார். டேப்பை எடுத்துச் சுவரோடு நிறுத்தி அளந்தார். மறுபடியும் அளந்தார். சிரிப்பு போய்விட்டது.

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"ரெண்டு வருஷமா அச்சடிச்சுச் சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கோம்."

"அச்சுல வர்றதை எவன்டா நம்புவான்?" என்றார் மேரிக், உண்மையான வருத்தத்தோடு. அவர் கல்லூரியில் காவல்காரர்களுக்கு இருந்த உதவித்தொகை இடங்கள் கோடையிலேயே முடிந்திருந்தன. கடைசி இடம் டிரிப்புக்கு.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. மேரிக் அளந்து பார்த்த கதையால், எங்கள் புத்தகம் பொய் சொல்லாது என்ற செய்தி மற்றக் கல்லூரிகளுக்குப் பரவியது. இரண்டு அங்குலம் கூட்டிப் போட்ட பையன்களையெல்லாம் அவர்கள் கழிக்காமல் படிக்கத் தொடங்கினார்கள். ஒரே வாரத்தில் மூன்று குள்ளர்களுக்கு அழைப்பு வந்தது. எம்மெட்டின் நேர்மையால் அணி முழுக்க வளர்ந்தது, அவனைத் தவிர.

நவம்பரில் மேரிக் போன் செய்தார். உதவித்தொகை இல்லாமல் வந்து அணியில் சேரலாம். திறமையைக் காட்டினால் அடுத்த வருஷம் கிடைக்கும்.

"உறுதியா கிடைக்குமா, சார்?"

"கிட்டத்தட்ட உறுதி."

"அதுல எவ்வளவு கழிக்கணும்?"

எம்மெட் நன்றி சொல்லிப் போனை வைத்தான். பக்கத்து நகரத்துக் கல்லூரிக்கு, ஆடாத மாணவனாக, அன்றைக்கே விண்ணப்பித்தான். அங்கே பாலம் கட்டச் சொல்லித்தர மாட்டார்கள். சாலை போட மட்டும் சொல்லித்தருவார்கள்.

சமையலறையில் டார்லீன் அவனுக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "நான் பொய் சொல்லியிருக்கணும்னு நினைக்கிறியா?"

"இல்லம்மா. நீ சொன்னது சரிதான்." எம்மெட் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். "அதான் எரிச்சலா இருக்கு."