அக்காவின் நாய்கள் மெலியாத மார்கழி

எங்கள் அக்கா அவர்கள் தலவாக்கலைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், ஒரு தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் வேறொரு மாதம் இருக்கிறது. அது அப்பா பதியப் போன மாதம். இந்த நினைவு மலரை வாசிக்கும் உறவினர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா இறந்தபோது நான் கைக்குழந்தை. அக்காவின் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. கொஞ்ச காலத்தில் அப்பாவோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். என்னைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவார், மாலையில் வந்து தூக்கிக்கொள்வார். எனக்கு இருந்தது ஒரே அக்கா. ஆனால் அக்காவுக்கு நான் மட்டும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. லயத்தில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சிச் சட்டியோடு அங்கே நிற்பார். எனக்கு அப்போதே பொறுக்காது. இப்போதும் பொறுக்கவில்லை.

திருமணமாகி நுவரெலியாவுக்கு மேலே உள்ள தோட்டத்துக்குப் போனார். அத்தான் காட்டோரமாக ஒரு துண்டு நிலம் எடுத்து லீக்ஸும் கரட்டும் என்று காய்கறி போட்டார். பிள்ளைகள் இல்லை. அத்தான் நெஞ்சுவலியில் போன பிறகு, எல்லோரும் நிலத்தை விட்டுவிடச் சொன்னார்கள். அக்கா விடவில்லை. அத்தான் விட்டுப்போன ஒரு நாயோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார். காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் ஒரு பாத்தியைக் கிளறிப் போட்டுவிடும் இடம் அது. அந்த மூன்று நாய்கள்தான் வேலி.

தொழிற்சாலையில் வேலை மாறி நானும் என் மனைவியும் அதே தோட்டத்துக்கு, அக்காவின் பக்கத்துக் காம்பராவுக்கு வந்தது அதன் பிறகுதான். அக்கா அருகில் இருப்பார் என்று வந்தேன். வந்து பார்த்தால் அக்காவுக்கு முதல் கவலை நாய்களாக இருந்தது.

இங்கே மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல் வெள்ளையாகிவிடும். தேயிலைக் கொழுந்து கருகும். இரவெல்லாம் ஓடிக் குரைக்கும் நாய்க்கு அந்தக் குளிரில் உடம்பு கரைந்துவிடும். மெலிந்த பிறகு அள்ளிப் போட்டுப் பயனில்லை என்பது அக்காவின் கணக்கு. ஐப்பசி மழையிலேயே சோற்றைக் கூட்ட ஆரம்பிப்பார். குரக்கன் (கேழ்வரகு) கூழ், கருவாட்டுத் தலை, டவுன் இறைச்சிக் கடை நானாவிடம் வாங்கி உருக்கிய மாட்டுக் கொழுப்பு. இரவுக் காவலுக்குப் போகும்முன் அரை வயிறு, விடிந்து திரும்பியதும் முழு வயிறு. வெதுவெதுப்பாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூலையில். மாட்டுக் கொழுப்பு எங்கள் அடுப்படிக்குள் வரக் கூடாது என்பதால், நிலத்திலுள்ள காவல் குடிலில் அதற்கென்று ஒரு கல்லடுப்பும் ஒரு தகரப் பானையும் இருந்தன. படுக்க உலர்ந்த சாக்கு.

"ரோமம் புசுபுசுன்னு இருக்கும், நம்பிடாத. கைய வச்சு விலாவத் தடவிப் பாரு" என்பார்.

ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். "என்னக்கா, எனக்கு ஒரு முட்ட, ராணிக்கு ரெண்டா?"

"நீ ராத்திரி பன்னி வெரட்டுனியா?"

என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த காம்பராவரை கேட்டது. ராணி என்பது மூன்றில் மூத்தது. என்னைப் பார்த்தால் வாலை ஆட்டாது.

கார்த்திகைத் தீபம் முடிந்த வாரத்தில் அக்கா படுத்தார். மருத்துவமனையில் இருந்த நாட்களில் பகலில் என் மனைவியும் இரவில் நானும் மாறி மாறி இருந்தோம். மார்கழி நடுவில் அக்கா எங்களை விட்டுப் போனார்.

காரியம் முழுவதும் என் பொறுப்பு. பெரியப்பா வந்து முறைகளைச் சொன்னார்.

"முப்பத்தொண்ணாம் நாள் வரைக்கும் கவுச்சி கூடாதுப்பா."

"வீட்ல செய்யலங்க பெரியப்பா."

"நெலத்துல அந்தப் பானை?"

"அது நாய்க்குங்க."

"யாருக்கா இருந்தா என்ன? அவ அடுப்புதான?"

நானும் சரி என்றேன். அக்காவுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். நாய்களுக்குப் பருப்பும் சோறும் தேங்காய் எண்ணெயும் என்று மாற்றினேன். அது உறைபனி இறங்கிய வாரம். ஒரு வாரத்திலேயே ராணியின் விலா எலும்பு கைக்குத் தட்டியது. மற்ற இரண்டும் விடிவதற்கு முன்பே சாக்குக்குத் திரும்பின. லீக்ஸ் பாத்தியின் ஓரத்தைப் பன்றி கிளறியிருந்தது. அது அக்கா தன் கையால் கடைசியாக நட்ட லீக்ஸ். நாய்கள் சோர்ந்தால் மொத்தமும் போய்விடும்.

நான் பருப்பைக் கூட்டினேன். பிறகு மெல்ல மெல்ல நாய்கள் தேறின. ரோமம் மினுமினுத்தது. பன்றி கிட்ட வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களையெல்லாம் நிலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பெரியப்பாவிடம், "பாத்தீங்களா, பருப்புலயே உடம்ப ஏத்திட்டேன்" என்றேன். அக்காவால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது.

இந்த மலரை அச்சடிக்க விலை கேட்டு டவுனுக்குப் போன அன்று இறைச்சிக் கடை நானா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அக்காட காரியம் எப்ப? நானும் வாறன்."

நாள் சொன்னேன்.

"நல்லது. வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, நாளைக்கு வாளி கொண்டு வரச் சொல்லி. கொழுப்பு நிறைய இருக்கு."

"எந்த வாளி நானா?"

நானா என் முகத்தைப் பார்த்தார். "சரி தம்பி, வெயிலுக்கு முன்ன போங்க" என்றார். அன்றைக்கு வெயிலே இல்லை.

மறுநாள் விடியும்போது என் மனைவி புல்லறுக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். பின்னாலேயே போனேன். காவல் குடிலில் புகை. கல்லடுப்பில் அதே தகரப் பானை. மூன்று நாய்களும் மூன்று மூலையில் உட்கார்ந்து என் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன காரியம் பண்ற? முப்பத்தொண்ணு முடியலியே?"

"தீட்டு நமக்குத்தாங்க. நாய்க்குமா?"

"யாரு சொன்னா?"

"மதினிதான் சொன்னாங்க."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில, நாம ஆள் மாத்துற நேரம். நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க." பானையைக் கிண்டிக்கொண்டே சொன்னார். "'தம்பி கட்டுப்பாடு பாக்குறவன், எனக்கு எல்லாம் ஒழுங்கா செய்வான். ஆனா நாய்ங்களையும் விரதம் இருக்க வச்சிருவான். நீ பாத்துக்க'ன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா பெரியப்பாகிட்ட கேட்டுட்டு வாறேன்னு போயிருப்பீங்க."

அந்த நாட்களில் எத்தனை முறை டீ குடிக்கப் போனேன் என்று நினைவில்லை. எந்த முறை அது நடந்தது என்று இரண்டு தரம் கேட்டேன். என் மனைவிக்கும் நாள் சரியாகத் தெரியவில்லை. அந்த ஒரு நாளைத்தான் என்னால் இதில் குறிக்க முடியவில்லை.

இதையெல்லாம் மலரில் போட வேண்டாம், பெரியப்பா வாசித்தால் பந்தியில் உட்கார மாட்டார் என்றார் என் மனைவி. பெரியப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவ நெலத்துல அவ சொன்னதுதான் நடக்கும். எப்பவும் அப்படித்தான்" என்று எழுந்துபோய்விட்டார். அதனால் எழுதியிருக்கிறேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் மருந்தும் ஆறுதலும் தந்தவர்களுக்கும், குளிரில் பாடை சுமந்த லயத்து இளைஞர்களுக்கும், வாகனம் கொடுத்த நண்பர்களுக்கும், முறைகளைச் சொல்லித் தந்த பெரியப்பாவுக்கும், காசு பேசாமல் வாளியை நிரப்பிய நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முப்பத்தோராம் நாள் பந்தியில் நீங்கள் சாப்பிடும் லீக்ஸ் அக்கா நட்டது. பன்றி தொடாமல் அது உங்கள் இலைக்கு வந்ததற்கு என் மனைவிதான் காரணம்.

அக்கா காரியத்தை என்னிடம் கொடுத்தார், நாய்களை என் மனைவியிடம் கொடுத்தார். தெரிந்தெடுக்கச் சொல்லியிருந்தால் நான் நாய்களைத்தான் கேட்டிருப்பேன்.