ஈரக்காற்று நிபுணர்

பெமிட்ஜி என்ற குளிர் ஊரில் ஒரு ஹார்டுவேர் கடையில் முப்பத்தொரு வருஷமாக நிற்கிறேன். பெயர் லைல் ஸ்கோகன். பள்ளி ஹாக்கி அணியில் மூன்று வருஷம் மாற்று ஆளாகவே உட்கார்ந்திருந்தவன். ஆனால் வீடு முழுக்க ஈரக்காற்று கொடுக்கும் பெட்டி என்று பேச்சு வந்தால் ஊரே என்னிடம்தான் வரும். மைனஸ் முப்பது குளிரில் வீட்டைச் சூடாக்கும் உலை ஓட ஓட வீட்டுக் காற்று ரஸ்க் மாதிரி காய்ந்துவிடும். மூக்கு எரியும், கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும் சர்ச் அடித்தளத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி வகுப்பு எடுப்பேன். காபியும் பூசணிக் கேக்கும் தருவார்கள். கேக்குக்காகத்தான் கூட்டம் வந்தது என்பதை நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

போன குளிர்காலம் என் வீட்டிலும் வேலையை முறையாகத்தான் செய்தேன். உள்ளே நனைந்து நின்று காற்றை ஈரமாக்கும் பேடை மாற்றினேன், சுண்ணாம்புப் படிவை வினிகர் விட்டுச் சுரண்டினேன், தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். வடிகாலில் தண்ணீர் சொட்டியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலே வந்தேன்.

இரண்டே வாரத்தில், முப்பது காட்ட வேண்டிய ஈரப்பத மீட்டர் பதினான்கு காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினேன். அதுவும் பதினான்கு. இரண்டும் ஒரே கம்பெனி, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனைவி மார்லிஸைத் தொட்டால் பட்டென்று ஷாக் அடித்தது. அவள் காபிக் கோப்பையை மரக்கரண்டியால் என் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். அவளுக்கு மூக்கில் ரத்தமும் வந்தது.

"எல்லாத்தையும் பார்த்தியா லைல்?" என்று கேட்டாள்.

"முப்பத்தொரு வருஷமா இதான என் வேலை? உன் கம்பளி ஸ்வெட்டர்தான் காரணம். அதைக் கழட்டு."

"சரி. பரவாயில்ல" என்றாள். எங்கள் ஊரில் ஒருத்தி பரவாயில்லை என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். அன்றே தலையணையோடு மாடியில் தையல் அறைக்குப் போய்விட்டாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் முதல் தடவையாகக் கட்டிலில் தனியாகப் படுத்தேன். பயமாக இருந்தது. அவள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று நினைத்தேன். ஆனாலும் ஸ்வெட்டர் என்ற கட்சியை விடவில்லை.

ஜனவரி கடைசியில் பக்கத்து வீட்டு வெண்டல் ஆஹோ வந்தான். உருளைக்கிழங்கு கேட்டு, அதையும் அந்தப் பெட்டியையும் வைத்திருக்கும் அடித்தளத்துக்கு அவனே இறங்கிப் போனான். திரும்பி வந்து, காபி வேண்டாம் என்று மூன்று முறை மறுத்துவிட்டு நான்காவது முறை வாங்கிக் குடித்தான். ஏரி ஐஸின் கனம், அவன் லாரியின் பேட்டரி என்று அரைமணி நேரம் பேசினான். எழுந்து தொப்பி போடும்போதுதான் விஷயத்துக்கு வந்தான்.

"உன் பெட்டி வேற மாடலோ என்னவோ. என் வீட்டுல அந்தக் காத்துக் குழாய்ப் பிடி, குளிர்காலத்துல அந்தப் பக்கமா இருக்காது. நான் ஒண்ணும் சொல்லலப்பா. காபி நல்லா இருந்துச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். காற்றுக் குழாயை மூடித் திறக்கும் பிடி, 'கோடை' என்ற எழுத்துக்கு நேராக, அதாவது மூடியபடியே, நின்றது. பேடு நனைந்திருந்தது, ஆனால் அதன் வழியாக ஒரு மூச்சுக் காற்றுகூடப் போகவில்லை. என் வகுப்பில் முதல் பாடமே அந்தப் பிடியைத் திருப்புவதுதான்.

திருப்பினேன். இரண்டு நாளில் மீட்டர் முப்பது காட்டியது. மாடிக்குப் போய், "காத்து சரியாயிடுச்சு, கீழ வந்துடேன்" என்றேன்.

"என்ன பண்ணின?"

"பேடு மாத்தினேன்."

"ஓ, பேடா" என்று மறுபடி தைக்கக் குனிந்தாள். ஊசி நிற்கவே இல்லை. நான் வாசலிலேயே நின்றேன். உலையைக் கழற்றி மாட்டுவதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"பேடு இல்ல மார்லிஸ். பிடி கோடைப் பக்கமே இருந்துச்சு. நான்தான் மறந்துட்டேன். உன் ஸ்வெட்டர் மேல பழி போட்டேன். மன்னிச்சுடு."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "நவம்பர்லயே பார்த்தேன்."

"பார்த்தியா? நீயே திருப்பியிருக்கலாமே!"

"திருப்பியிருந்தா, 'பார்த்தியா, நான் மாட்டினது எப்படி வேலை செய்யுது'ன்னு ஆரம்பிச்சிருப்ப. சொல்லியிருந்தா முப்பத்தொரு வருஷம்னு ஆரம்பிச்சிருப்ப. உன் பேச்சைக் கேக்கறதுக்கு மூக்குல ரத்தம் வர்றதே மேல்னு தோணிச்சு லைல்."

பத்து வாரம் ரத்தம் சிந்தியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாய்க்குள் பதில் ஒன்று தயாராக இருந்தது, விழுங்கிக்கொண்டேன். அவள் இன்னும் நிறையச் சொன்னாள், கடையைப் பற்றியும் வகுப்பைப் பற்றியும். நடுவில் பேசாமல் கேட்டேன்.

முடித்ததும் தலையணையை என் கையில் திணித்தாள்.

"ஒரு வார்த்தை பேசாம கீழ கொண்டு போ."

கொண்டு போனேன்.