ஏழாவது வீடு

திங்கட்கிழமை என்றாலே காலடிப்பேட்டைப் பூனைகளுக்கு ஆகாது. மற்ற நாளெல்லாம் ஜெமிமா வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கால் வேகும். வெந்த எலும்பில் ஒட்டிக்கொண்டிருப்பது பூனைகளின் பங்கு. திங்கட்கிழமை மட்டும் முருங்கைக்கீரை சூப். கீரைக் காம்பை வைத்துக்கொண்டு பூனை என்ன செய்யும்? மதில்மேல் உட்கார்ந்து, உனக்கெல்லாம் எதற்கு ஒரு அடுப்பு என்று கேட்கிற மாதிரி ஜெமிமாவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தத் திங்கட்கிழமைச் சட்டத்தைப் போட்டவள் வீட்டுக்காரி கெங்கம்மா. முன்பக்கம் அவள், பின்பக்கம் ஜெமிமா, நடுவில் ஒரு நடை. கெங்கம்மா வருஷக்கணக்காகச் சோமவார விரதம் இருக்கிறவள். பகலெல்லாம் பட்டினி கிடந்து, சாயங்காலம் தியாகராஜர் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் வாயில் எதையும் வைப்பாள். அன்றைக்கு வீட்டில் கவுச்சி வாசனையே வரக்கூடாது. குடிவைக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"மீதி நாளு நீ ஆட்டக் கொளுத்து, கோயிய கொளுத்து, நான் ஒன்னியும் கேக்க மாட்டேன். சோமவாரம் மட்டும் கம்முனு கீரைய வேவ வை."

ஜெமிமாவுக்கு இது போதும், போதும் என்ன, வரம். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். புருஷன் சாலமோன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். துறைமுக வாசல் வரிசையில் அவன் வண்டி நின்றால் நின்றதுதான், எப்போது வீட்டுக்கு வருவான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் அவள் தேரடிப் பக்கம் தள்ளுவண்டி போட்டு சூப் விற்கிறாள். "காலடிப்பேட்டைல கால் சூப்பு, பேரு வச்சவன் கில்லாடி" என்று வாடிக்கைக்காரர்கள் தினம் ஒரே ஜோக்கைச் சொல்வார்கள். அவளும் தினம் புதிதாகக் கேட்கிற மாதிரி சிரித்து வைப்பாள்.

தொழிலில் கஷ்டம் விற்பதில் இல்லை, வாட்டுவதில் இருக்கிறது. ஆட்டுக்காலைத் தீயில் போட்டு வாட்டும்போது ரோமம் கருகுகிற நாற்றம் நாலு வீடு தாண்டும். அந்த நாற்றத்தால்தான் அவர்கள் ஊர் ஊராக, இல்லை, வீடு வீடாக அலைந்தார்கள். வண்ணாரப்பேட்டையில் ஒன்று, ராயபுரத்தில் இரண்டு, தண்டையார்பேட்டையில் மூன்று என்று ஆறு வீடு மாறியாகிவிட்டது. முதலில் எல்லாம் ஜெமிமா விடாமல் கேட்பாள், "ஏன் காலி பண்ணச் சொல்லுதிய?" என்று. பதில் எங்கேயும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "நீங்க நல்லவங்கதான், ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் ஆளுக்கொரு சாக்கு வரும். ஒருத்தன் மருமகள் மசக்கை என்றான், இன்னொருத்தன் மகனுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றான். முகத்துக்கு நேரே நாறுகிறாய் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஆறாவது வீட்டில் அவள் கேட்கவே இல்லை. இனி யார் வாசலிலும் 'ஏன்' என்று கேட்டு நிற்பதில்லை, சொன்னால் போய்க்கொண்டே இருப்பது என்று முடிவு கட்டிவிட்டாள். ரோஷம்தான், வேறென்ன.

ஏழாவதாகக் கிடைத்த இந்த வீட்டில் மூன்று வருஷம் ஓடிவிட்டது. நடையின் இரண்டு சுவரிலும் எதிரெதிரே இரண்டு தினக் காலண்டர்கள். விடிந்ததும் ஜெமிமா தன்னுடையதில் தாளைக் கிழித்து, அதிலிருக்கும் வசனத்தைப் படித்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவாள். கெங்கம்மா எழுந்து வந்து தன்னுடையதைக் கிழித்து, ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று உரக்கச் சொல்லுவாள். கிழித்த தாள் இரண்டும் கடைசியில் கறிவேப்பிலை மடிக்கத்தான் போகும். திங்கட்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து வந்ததும் முதல் டம்ளர் கீரை சூப் கெங்கம்மாவுக்கு. அதற்கப்புறம்தான் வண்டி தேரடிக்குப் போகும்.

இப்படிப்பட்ட கெங்கம்மா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காத்திவாக்கத்தில் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகு, தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"ஜெமி! அந்த எடத்த காலி பண்ணிடுமே! நாளிக்கு ராகு காலத்துக்கு முன்ன! சொல்லிட்டேன், ஆமா!"

ஆட்டோ புறப்பட்டுவிட்டது. கையில் கரண்டியோடு ஜெமிமா வாசலிலேயே நின்றாள்.

இடத்தைக் காலி பண்ணு. இதற்கு வேறு அர்த்தம் ஏதாவது உண்டா, சொல்லுங்கள்? இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூட ஒரே அர்த்தம்தான் தெரியும். அதுவும் ஆறு முறை கேட்ட காதுக்கு. துரத்துவதற்குக்கூட நல்ல நேரம் பார்க்கிறாளே மகராசி என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

சாலமோனுக்குப் போன் போட்டாள். அவன் வண்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"ஏட்டி, என்ன ஏதுன்னு அந்தக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்க மாட்டேன்."

"கேட்டா என்ன குறைஞ்சா போயிரும்?"

"அவியளும் 'நல்லவதான், ஆனா'ன்னு சொன்னா எனக்குத் தாங்காது. மத்தவிய சொன்னதைத் தாங்கிட்டேன். இவிய சொல்லக் கூடாது."

எர்ணாவூரில் கூட்டாளி வீட்டு முன்னறை காலியாக இருக்கிறது, இப்போதைக்கு அங்கே போய்விடலாம் என்றான் சாலமோன்.

திங்கட்கிழமை விடிந்தது. ஜெமிமா தாளைக் கிழித்தாள், ஆனால் வசனத்தைப் படிக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மூட்டை கட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. துணி ஒன்று, பாத்திரம் ஒன்று, அஞ்சறைப் பெட்டியும் உப்பு ஜாடியும் புளியும் ஒன்று. சூப் அண்டாவைத் துலக்கி, நசுங்காமல் இருக்க உள்ளே பழைய சேலைகளைத் திணித்து, கொல்லையில் மாடிப்படிக்குக் கீழே, தன் கரி மூட்டை, விறகுக் கட்டோடு சாய்த்து வைத்தாள். சாமான் ஏற்றும் குட்டி யானை வண்டிக்காரன் வந்ததும் அதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும்.

நடுவில் என்ன செய்தாள் தெரியுமா? முருங்கைக்கீரையை உருவினாள். வீட்டைவிட்டுப் போகிறவள் எதற்குக் கீரை உருவ வேண்டும்? அந்த அம்மாள் பகலெல்லாம் பட்டினி கிடப்பாளே, வந்தால் யார் கொடுப்பார்கள் என்று கை தானாகப் போய்விட்டது. உருவிய கீரையைப் பார்த்து அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது.

சாம்பல் நிறத்தில் ஒரு வரிப்பூனை மதிலுக்கும் கொல்லைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. கெங்கம்மா அதற்கு 'திருடி' என்று பேர் வைத்திருந்தாள். எலும்புக்கு வந்திருக்கும், இன்றைக்குக் கிழமை தெரியாமல் வந்துவிட்டது என்று நினைத்து ஜெமிமா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கெல்லாம் கெங்கம்மா வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் வளைகாப்பு வளையல் குலுங்க நடைக்குள் நுழைந்தவள், மூட்டைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். எதிர்ச் சுவரில் ஜெமிமாவின் காலண்டர் இல்லை, ஆணி மட்டும் இருந்தது.

"இன்னாமே இது?"

ஜெமிமா தலை நிமிரவில்லை. "ராகு காலத்துக்கு முன்னால போயிருவோம்க்கா. வண்டி சொல்லியாச்சு."

"எங்க?"

"எர்ணாவூர்."

கெங்கம்மாவின் முகம் செத்துவிட்டது. எப்போதும் வாய் ஓயாத பொம்பளை, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"போ. எத்தினியோ பேரு போயிட்டானுங்க. கெயவி ரொம்பப் பேசுறா, கெயமைக்கு ஒரு சட்டம் பேசுறான்னு சொல்லிகினே போனானுங்க. நீ போமாட்டேன்னு நெனச்சேன். ஒரு நாளு வூட்ல இல்ல, அதுக்குள்ள சொல்லாத கொள்ளாத மூட்ட கட்டிட்ட இல்ல?"

இப்போதுதான் ஜெமிமா நிமிர்ந்தாள். "நீங்கதானக்கா சொன்னிய? எடத்தக் காலி பண்ணுன்னு ஆட்டோவுல இருந்து அந்தக் கத்து கத்துனியளே!"

"எந்த எடத்த?"

"எந்த எடத்தன்னா?"

கெங்கம்மா தலையில் மடேரென்று அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அட சாவுகிராக்கி! மாடிப்படி கீய, உன் கரி மூட்ட கீதே, அந்த எடத்தமே! அந்தத் திருடி குட்டி போட்டுகினு வூடு வூடா தூக்கிகினு அலயுது. எதுர்வூட்டு கடுவன் பூனன்னா பயம். நேத்து நம்ம படிக்கட்டாண்ட மோந்து மோந்து பாத்துகினு நின்னுச்சி. கரி மூட்டைய எடுத்துட்டா இங்கயாச்சும் வந்து குந்தும்னு பாத்தேன். பூன ஏழு வூடு மாத்தும்பாங்க. ஏழாவது நம்ம வூடா இருந்துட்டுப் போவட்டும், அதோட அலச்சல் தீரட்டும்னு சொன்னா, நீ என்னாடான்னா…" மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஒரு போனு போட்டு 'ஏன்க்கா'ன்னு கேட்டா இன்னா? வாயில இன்னா கொயக்கட்டையா வச்சிருந்த?"

ஏழாவது என்று கெங்கம்மா சொன்னது பூனையைப் பற்றித்தான். ஆனால் விரலை மடக்கி எண்ணிப் பார்க்காமல் இருக்க ஜெமிமாவால் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் 'மியா' என்று நூல் மாதிரி ஒரு சத்தம். இரண்டு பேரும் ஓடினார்கள். சாய்த்து வைத்த சூப் அண்டாவுக்குள், பழைய சேலைக்கு மேலே, திருடி கால் நீட்டிப் படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள். இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்த திருடி, வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற குடித்தனக்காரி மாதிரி மறுபடியும் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"போச்சு," என்றாள் ஜெமிமா. "சாயங்காலம் சூப்ப எதுல வைக்க?"

கெங்கம்மா உள்ளே போனாள். பரணிலிருந்து எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் மஞ்சள், குங்குமம் பூசிய பெரிய அண்டா. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிற அண்டா அது. அதை ஒருத்தர் தொட்டுப் பார்க்கக்கூட விடமாட்டாள்.

ஜெமிமா பின்னால் நகர்ந்தாள். "ஐயோ, இது சாமி பாத்திரம்க்கா. இன்னைக்குக் கீர சரி. நாளைக்குக் கால் சூப்பு வைக்கணுமே?"

"வையேன். ஆத்தாவுக்குக் கூயோட கருவாட்டுக் கொயம்பே ஊத்தறோம். காலு இன்னா பெரிய காலு? குட்டிங்க வெளில வர வரைக்கும் இதுல வை. கலீஜ் பண்ணாத கயுவிக் குடு, அவ்ளோதான்."

குட்டி யானை வண்டிக்காரனுக்கு வர வேண்டாமென்று சொல்லியாயிற்று. சாலமோனிடம் போனில் சொன்னபோது, வரிசையில் நின்ற அலுப்பெல்லாம் போக அவன் சிரித்த சிரிப்பு கொல்லை வரைக்கும் கேட்டது. துணி மூட்டையையும் பாத்திர மூட்டையையும் ஜெமிமா அவிழ்த்தாள். காலண்டரை ஆணியில் மாட்டினாள். மூன்றாவது மூட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை. ஏனென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஆறு வீடு பார்த்தவளுக்கு ஒரே நாளில் நம்பிக்கை வந்துவிடுமா? ஒரு மூட்டையாவது கட்டியபடி இருக்கட்டும் என்று இருந்தது. கெங்கம்மா வீட்டு உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு சூப்பை இறக்கினாள்.

சாயங்காலம் கோயிலிலிருந்து வந்த கெங்கம்மா, நெற்றி நிறைய விபூதியோடு நடையில் உட்கார்ந்தாள். ஜெமிமா முதல் டம்ளரைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? கால் வாட்டுத நாத்தம், புகை, எல்லாரும் எங்கள அனுப்பத்தான் பாத்தாவ. நீங்க ஏன் வச்சிருக்கிய?"

கெங்கம்மா ஒரு வாய் உறிஞ்சினாள். ஊதி ஊதி இன்னொரு வாய். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ நல்லவதாமே," என்றாள். "ஆனா…"

ஜெமிமாவின் கண் உள்ளே, கட்டியபடி கிடந்த மூட்டைக்குப் போயிற்று.

"…உப்பு பத்தல."

ஜெமிமா உள்ளே போனாள். உப்பு ஜாடி அந்த மூன்றாவது மூட்டைக்குள் இருந்தது. கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள்.