தாய்மாமனைச் சுற்றிய கறுப்புக் கட்டம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பேனர் கடையில் சூர்யகலா பதினோரு வருஷமாக ஆட்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில்தான். புகைப்படத்தில் ஒருவருக்குப் பின்னால் இருக்கிற சுவர், மாடு, துணி காயும் கொடி எல்லாவற்றையும் நீக்கி, ஆளை மட்டும் தனியே எடுத்து மேகத்திலோ மயிலுக்குப் பக்கத்திலோ நிறுத்துவாள். பறக்கிற முடியைக்கூட விடாமல் வெட்டுவாள். அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று காலை வந்தவள் பானுப்ரியா, மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. மறுநாள் அவள் மகளுக்குக் காதணி விழா. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஆனால் அவள் தம்பி மணிமாறன் குவைத்தில் படகு வேலையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை.

“பேனர்லயாச்சும் எம்பொண்ணு அவன் மடியில உக்காரணும்க்கா. அவனும் ஆசைப்பட்டுக்கினு கெடக்குறான்” என்றாள்.

சூர்யகலா மாமனை நாற்காலியோடு வெட்டினாள். குழந்தையைத் தனியே வெட்டி மடியில் வைத்தாள். ஒட்டவைத்தது தெரியக் கூடாது என்று இருவரின் ஓரங்களையும் மெல்லக் கரைந்து போகிற மாதிரி செய்தாள். பின்னால் ரோஜா நிற வானம். பானுப்ரியா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அச்சடிப்பது விழுப்புரத்தில். படத்தை அனுப்பிய அரை மணி நேரத்தில், அங்கே மெஷின் ஓட்டும் சின்னதுரை போன் செய்தார்.

“இன்னாம்மா இது, காதணி விழாவா, கண்ணீர் அஞ்சலியா?”

அவர் தன் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். மாமனைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு கட்டம். பானுப்ரியா எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

“ஐயோ, உசுரோட இருக்கறவனுக்குக் கறுப்பு கட்டிட்டியேக்கா! இதைக் கட்டுனா எங்க குப்பமே ஒப்பாரி வெச்சிடும்!”

சூர்யகலாவின் திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. மறுபடி அனுப்பினாள், அங்கே மறுபடியும் கறுப்பு. சாயங்காலத்துக்குள் பேனர் குப்பத்தில் நின்றாக வேண்டும். “ஜல்தி வா” என்று பானுப்ரியாவை இழுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் இருவரும் நகத்தைக் கடித்துத் தீர்த்தார்கள்.

சின்னதுரையின் கம்ப்யூட்டர் பழசு. சூர்யகலா படத்தை வேறு வகை ஃபைலாக மாற்றிப் பார்த்தாள். கறுப்பு போய் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டங்கள் வந்தன. மாமன் சதுரங்கப் பலகையில் உட்கார்ந்திருந்தான். பானுப்ரியா அழவே தொடங்கிவிட்டாள். சூர்யகலா படத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்தாள். வானம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. மாமனை மேலே வைத்த உடனே சுற்றிலும் கட்டம். அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

“அண்ணே! ஆளைச் சுத்தி நான் காலியா விட்டுருக்கேன். காலின்னா பின்னால இருக்கற வானம் தெரியணும். உங்க கம்ப்யூட்டருக்கு அது புரியல, காலியா இருக்கற எடத்துல கண்டதையும் ரொப்புது!”

“அதுக்கு இன்னாம்மா பண்றது?”

“காலியே இல்லாம பண்ணிடறேன்!”

மாமன், குழந்தை, வானம் மூன்றையும் சேர்த்து ஒரே படமாக்கினாள். பிரிக்க அடுக்கும் இல்லை, நிரப்ப வெற்றிடமும் இல்லை. பெருமைப்பட்டுக் கரைத்த ஓரங்கள் மட்டும் அப்படியே வானத்தில் கரைந்து நின்றன. திறந்து பார்த்தால் கறுப்பு இல்லை! பதினோரு வருஷத்தில் அவள் இப்படிக் கத்தியதே கிடையாது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் வானம், அப்புறம் மாமன் தலை, அப்புறம் குழந்தை, கடைசியாக மடி. ஈரம் காயும் முன்பே பானுப்ரியா தம்பியை வீடியோ காலில் அழைத்து, பேனரை மேலிருந்து கீழாகக் காட்டினாள்.

திரையில் மணிமாறனின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. படம் நின்றுவிட்டதோ என்று சூர்யகலா போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“கனக்குறாக்கா” என்றான் அவன், குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டு.