என் உள்மனசும் இரண்டு நைட்டியும்

என் உள்மனசு பேசும். அடிக்கடி பேசும். ஒருமுறைகூட உருப்படியாகப் பேசியதில்லை.

பெண் பார்க்க வந்தவரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 'இவர்தான்' என்றது. இவரேதான். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் எப்படி இருப்பார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அப்புறம் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பி.எஃப். உண்டு, ஏற்றிப்போக வேன் உண்டு. 'வேண்டாம்' என்றது. கேட்டேன். என்னோடு சேர்த்துக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குச் சேர்ந்தாள். சூப்பர்வைசர் ஆனாள். நான் அஸ்தினாபுரத்தில் வாடகை வீட்டு முன் அறையில் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வரைதான் படிப்பு. இந்த வியாதிக்குப் படித்தவர்கள் நல்ல பேர் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருந்தது. யாரோ தீபாவளிக்கு முழுசாக ஒரு பெரிய சுருள் துணி கொடுத்து, நாற்பது பிள்ளைகளுக்கும் கவுன் தைக்கச் சொன்னார். தைத்துக் கொண்டுபோனேன். பிள்ளைகள் போட்டிருந்த பழைய துணியில் பாதிக்குப் பட்டன் இல்லை. ஊக்கு குத்தியிருந்தார்கள். உட்கார்ந்து பட்டன் தைத்தேன். அன்றைக்கு முடியவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். பிறகு எல்லா ஞாயிறும். உள்மனசு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த ஒரு காரியம் நன்றாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரே கூட்டம். பிறந்தநாள் கொண்டாட கேக்கோடு வருவார்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் இல்லை, வருகிறவர்களுடையது. பிள்ளைகள் நின்று பாட வேண்டும். ஒரே நாளில் நான்கு பேருக்குப் பாடியிருக்கிறார்கள். நான்காவது ஆளுக்குக் கைதட்டல் மட்டும்தான் கிடைக்கும். இது போக, கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒரே கலர் டி-ஷர்ட்டில் இங்கிலீஷ் சொல்லித்தர வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான். நிறைய போட்டோ எடுப்பார்கள்.

ஒருமுறை பிறந்தநாள்காரர் ஒருவர் பிரியாணி கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் "பிள்ளைங்களுக்கு வேணாம்" என்றேன். டி-ஷர்ட் தம்பி ஒருவன் மட்டும், வீணாகக் கூடாது என்று சாப்பிட்டான். மூன்று நாள் ஆபீஸ் போகவில்லை.

"அக்காவுக்கு செம இன்ட்யூஷன்ல?" என்றார்கள்.

சூட்டோடு மூடி, வெயிலில் வேனுக்குள் வைத்து, மூன்று மணிக்குத் திறந்தால் புளித்த வாடை வரும். அதற்கு மூக்கு போதும். சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அதிலிருந்து வேலை மாறலாமா, இவனைக் கட்டிக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துப் புருஷனைத் தேர்ந்தெடுத்தவளிடம்.

அந்த இல்லத்தில் பன்னிரண்டு வயதில் ஒரு பெண். கோவளம் பக்கத்துக் குப்பம். கடல் உள்ளே வந்தபோது அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. அப்பா அதற்கு முன்பே இல்லை. சித்தி கொண்டுவந்து சேர்த்தாள். எனக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல், அதனால் அந்தப் பெண்தான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். பிறகு ஹெம்மிங் போடவும் கற்றுக்கொண்டாள். வாய் மட்டும் ஓயாது.

"அக்கா, கத்திரிக்கோல்கூட உன்ன விட அதிகமாப் பேசுது."

"ம்."

"பாத்தியா, இதுக்கும் ம்."

இரண்டு வருஷம் கழித்து ஒரு மே மாதம் அந்தச் சித்தி வந்து நின்றாள். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலையாம். தனியாக ரூம் எடுத்திருக்கிறாளாம். பெண்ணைக் கூட்டிப்போய்ப் படிக்கவைக்கப் போகிறாளாம். கையில் ஒரு பை. பையில் ஆரஞ்சும் இரண்டு நைட்டியும்.

நைட்டியை விரித்துப் பார்த்தேன். நல்ல வளர்ந்த பொம்பளைக்கு ஆகிற அளவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நைட்டி எதற்கு, அதுவும் இந்த அளவில்? வீட்டோடு வைத்துப் பாத்திரம் தேய்க்க விடப் போகிறாள். என் உள்மனசு தீர்ப்பு சொல்லிவிட்டது.

"ரெண்டு வருஷமா எங்கம்மா போயிருந்த?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெயம எனுக்கு லீவு இல்லக்கா. நீங்கோ ஞாயித்துக்கெயமதான் பாக்க வுடுவீங்கோ. நான் இன்னா பண்றது? இப்போ காலேஜி லீவு, அதான் வந்துகீறேன்."

பதில் தயாராக இருந்தது. தயாராக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. தடுமாறியிருந்தால் அதுவும் பிடித்திருக்காது.

இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. ஜெபம் பண்ணாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். அன்றைக்குக் கர்த்தரைக் கேட்கிறதுக்கு முன்னால் என்னைக் கேட்டார்.

"நீ என்னம்மா நினைக்கிற?"

நைட்டி என்று சொன்னால் சிரிப்பார்கள். "எனக்கு மனசு ஒப்பல டீச்சர்" என்றேன்.

டி-ஷர்ட் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிலில் சாமி வந்தவளைப் பார்ப்பதுபோல என்னையும் பார்த்தார்கள். பிள்ளைகளை யாரிடம் விடலாம் என்று முடிவு பண்ண ஒரு கமிட்டி உண்டு. இந்தச் சித்தியிடம் விட வேண்டாம் என்று அதற்கு லெட்டர் எழுதிவிடுவதாக டீச்சர் சொன்னார். லெட்டர் போனால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் அங்கேதான்.

அந்தப் பெண் இதை எப்படியோ கேட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு ஊசியை நீட்டினேன்.

"கண்ணாடி வாங்கிப் போட்டுக்கோ" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று ஞாயிறு விரலில் குத்திக்கொண்டேன். ஒரு புதன்கிழமை கோபத்தோடு செங்கல்பட்டு வண்டி ஏறினேன். நியாயம் தெரிந்துகொள்ள இல்லை. சித்தியின் குட்டு உடையட்டும், இந்தக் குட்டிக்குப் புத்தி வரட்டும் என்றுதான்.

காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனிலிருந்து விசாரித்துக்கொண்டு போனேன். ஷீட் போட்ட ஒரே அறை. சித்தி என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"இன்னாக்கா, வேவு பாக்க வந்துகீறியா? வா, வா. ஒரே ரூமுதான். சீக்கிரம் பாத்து முட்ச்சிடலாம்."

பார்த்தேன். சுவரில் ஆணியில் புது யூனிஃபார்ம் தொங்கியது. யாரோ மட்டமாகத் தைத்திருந்தார்கள், ஒரு பக்கம் தோள் இறங்கியிருந்தது. ஸ்டூல்மேல் அட்டை போட்ட நோட்டுகள். பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதுக்கு இடம் சொல்லிவைத்திருந்தாள். வேவு முடிந்தது.

"நைட்டி எதுக்கு அவ்வளவு பெருசா வாங்கின?"

"ராவுல போட்டுக்கத்தான். ரெண்டு வருசமா கண்ல பாக்காத புள்ள. எம்மாம் வளந்துகீதுன்னு எனுக்கு இன்னா தெரியும்? பெர்சா எட்த்தா இன்னும் ரெண்டு வருசத்துக்கு வரும்ல?"

நான் தைக்கிற ஒவ்வொரு கவுனிலும் நான்கு விரல் துணியை உள்ளே மடித்துவிடுவேன். வளர்கிற பிள்ளை, பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்றுதான். நான் செய்தால் அனுபவம். அவள் செய்தால் சதி.

டீ கொடுத்தாள். நல்ல டீ. அதிலும் ஏதாவது கிடைக்கிறதா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது உள்மனசு தாம்பரம் வரைக்கும் வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிறு இல்லத்துக்குள் நுழைந்ததும் நேராக டீச்சரிடம் போனேன். டி-ஷர்ட் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜெபமெல்லாம் முடிந்து கையெழுத்தான லெட்டர் மேஜைமேல் இருந்தது. மறுநாள் போக வேண்டியது.

"அனுப்பாதீங்க டீச்சர். அந்தப் பொண்ண சித்தியோட விடுங்க."

"நீதானேம்மா மனசு ஒப்பலன்னு சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன்."

பிரியாணி சாப்பிட்ட தம்பி பதறினான். "அக்கா, குழம்பாதீங்க. உங்க ஃபர்ஸ்ட் ஃபீலிங்க நம்புங்க. அதுதான் எப்பவும் கரெக்டா இருக்கும்."

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன் தம்பி."

"இருந்தாலும்..."

கண்ணால் பார்த்ததற்கு மரியாதை இல்லை. மனசில் தோன்றினதற்குத்தான். நைட்டி கதையை முழுசாகச் சொன்னேன். ஒரு பெண் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"ஒரு நைட்டிக்காகவா இந்தப் பிள்ளையோட ஒரு வருஷத்த எழுதிக் குடுக்க இருந்தேன்?"

"ஆமா டீச்சர்."

செவ்வாய்க்கிழமை தானே காட்டாங்குளத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு வேறு லெட்டர் எழுதினார். கமிட்டியும் சரி என்றது. பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருக்கும்போது சித்தி வந்தாள்.

ஸ்டேஷன் வரை நானும் போனேன். சித்தி டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றாள். பெண் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாசமாக என்னோடு பேச்சில்லை.

"நீதான போவ வேணாம்னு சொன்ன?"

"ஆமா."

"ஏன்? நைட்டின்னு சொல்லாத."

யோசித்தேன். பொய் எதுவும் தயாராக இல்லை.

"நீ போயிட்டா எனக்கு ஞாயித்துக்கிழமைல ஒண்ணுமில்ல. அதான்."

என்னை உற்றுப் பார்த்தாள்.

"அத டீச்சராண்ட அப்டியே சொல்றதுக்கு இன்னா? சும்மா மனசு, மனசுன்னுகினு."

சித்தி டிக்கெட்டோடு ஓடிவந்தாள். வண்டி வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.