கிழிந்த இடத்துக்குப் பிறகு

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது எனக்கு நடந்தது. ராயபுரம் கல்மண்டபத்தில், பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது?

என் பெயர் மகிமா. வியாசர்பாடிப் பெண். பழைய கிரேக்கக் கதைகளில் டாக்டர் பட்டம் வாங்கியவள். "அத வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று அப்பா அப்போதே கேட்டார். ஒன்றும் பண்ண முடியவில்லை. வருஷக் கணக்காகக் கௌரவ விரிவுரையாளர். கடைசியில் டெல்லியில் ஒரு பல்கலைக்கழகம் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டது. இது நடந்ததற்கு மறுநாள் காலை ஆன்லைனில் நேர்காணல். வயது வரம்பு தாண்டப் போகிறது. இதை விட்டால் அவ்வளவுதான்.

அந்தக் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு. நாயகி செத்துவிட்டாள் என்று கல்லறையில் வைத்துவிடுவார்கள். அவளுக்கு மயக்கம்தான். விழித்துக் கதவைத் தட்டுவாள், காதலன் திறப்பான். என் ஆராய்ச்சியே இந்தப் பொய்ச்சாவைப் பற்றித்தான். உள்ளேயிருந்து தட்டுகிறவள் உயிரோடுதான் இருப்பாள் என்று எத்தனை மேடைகளில் அடித்துப் பேசியிருக்கிறேன்!

நேர்காணலுக்கு நான் எடுத்துக்கொண்டது கிழிந்துபோன ஒரு கதைத் துண்டு. கல்லறைக்குள் தட்டும் சத்தம். காதலன் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அதோடு தாள் கிழிந்துவிட்டது. மிச்சத்தை ஊகித்துச் சொல்வதுதான் எங்கள் தொழில்.

அந்தக் காலத்தில் வாய்விட்டுத்தான் படிப்பார்கள். நானும் அப்படியே பழகியவள். மதியம் மூன்று மணி. கரண்ட் இல்லை. கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல்கூட அன்று இல்லை. நான் வாடகைக்கு இருந்த மாடி அறையில் உட்கார்ந்து அந்தத் துண்டைச் சத்தமாகப் படித்தேன்.

தட்டும் வரி வந்தது.

டொக்... டொக்...

கீழேயிருந்து.

நிறுத்தினேன். அதுவும் நின்றது. அதே வரியை மறுபடி படித்தேன்.

டொக்... டொக்... டொக்...

கீழே இருப்பது வீட்டுக்கார ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டியின் குடோன். முன்பு மீன்வலைகள் கிடந்தன, இப்போது காலி. இறங்கிப் போனேன். வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே ஒரு பெண் குரல்.

"அக்கா... தொறக்கா... நான் சாகலக்கா..."

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். எனக்குப் பயமே வரவில்லை. ஐயோ, எந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டதோ என்றுதான் பதறினேன். படித்த படிப்பு அப்படி.

தாழ்ப்பாளை இழுத்தேன்.

உள்ளே யாரும் இல்லை.

சில்லென்று ஏதோ ஒன்று என்னை உரசிக்கொண்டு வெளியே போனது.

பின்னால் கேட் சத்தம். மீன் பையோடு ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி. என்னைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"நீ இங்க கீற... மேல யாரும்மா படிச்சிக்கினு கீறது?"

அப்போதுதான் எனக்கும் கேட்டது. என் அறை. என் குரல். அதே கிரேக்கம்...

கிழிந்த இடத்தைத் தாண்டிப் படித்துக்கொண்டிருந்தது.

இரண்டே சொற்கள் பிடிபட்டன. 'பெண்'... 'வெளியே'...

இருவரும் மேலே போனபோது அறையில் யாரும் இல்லை. அன்றிரவு ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

மறுநாள் நேர்காணலில் அந்தச் சொற்களை என் ஊகமாகச் சொன்னேன். காதலன் திறக்கிறான், பெண் வெளியே வருகிறாள் என்றேன். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். வேலை கிடைத்தது. அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

போன மாதம் ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் அந்தத் தாளின் மிச்சம் கிடைத்தது. படம் அனுப்பியிருந்தார்கள். கிழிசலோடு கிழிசல் பொருந்துகிறது. நான் சொன்ன இரண்டு சொற்களும் அப்படியே இருக்கின்றன. வாழ்த்துகள் குவிகின்றன. ஒருவருக்கும் என்னால் பதில் போட முடியவில்லை.

முழு வரியையும் படித்துவிட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்த காதலனைப் பார்த்து யாரோ கத்துகிறார்கள்.

'திறக்காதே! பெண் இங்கே, வெளியே, என் பக்கத்தில் நிற்கிறாள். உள்ளே தட்டுவது அவள் அல்ல.'

நான் திறந்துவிட்டேன்...